சீட்டைக் கழற்றும் கூலி

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்சக்கரத்துக்கு உட்புறம், ஹப்பைத் தாங்கும் வார்ப்பின் அடியில், நீளமான ஒரு போல்ட் குறுக்கே ஓடுகிறது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கிச் செய்த ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அதிலும் அதே போல்ட், அதே இடம், அதே வியாதி. போல்ட் ஒரு எஃகுக் குழாய்க்குள் போகிறது. குழாயைச் சுற்றி நைலான் புஷ். மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி, போல்ட்டும் குழாயும் துருவில் ஒன்றாகிவிடும். நட் மரியாதையாகக் கழன்று வரும். ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் தலையும் சுற்றும். வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் குழாயும் சேர்ந்துதான் நைலானுக்குள் சுற்றுகிறது. சாயங்காலம் வரை சுற்றினாலும் போல்ட் ஒரு இம்மி வெளியே வராது.

அடுத்து நம் பட்டறைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுத்தியல் வரும். நாலு அடியில் போல்ட்டின் முனை விரிந்து, இனி எந்த ஓட்டை வழியாகவும் வராத நிலைக்குப் போகும். அதன்பிறகு கேஸ் கட்டர் வரும். நைலான் உருகி நாறும். இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போதுதான் யாருக்காவது நினைவுக்கு வரும்.

செய்ய வேண்டியது வேறு. வார்ப்புக்கும் அதைப் பிடித்திருக்கும் இணைப்புத் தகட்டுக்கும் நடுவில் ஆக்சா பிளேடு மட்டும் நுழையும் சந்து இருக்கிறது. சட்டம் இல்லாமல் பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்து, குழாயோடு சேர்த்து இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துவிட வேண்டும். போல்ட், குழாய், புஷ் மூன்றும் போகட்டும். மூன்றுக்கும் புதிது கிடைக்கிறது. வார்ப்பு அடிபட்டால்தான் அலைய வேண்டியிருக்கும். அறுப்பதைத் தோல்வி என்று நினைக்கும் மெக்கானிக்குகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அந்த ரோஷத்துக்கான விலையைக் கட்டுவது வண்டிக்காரர்.

எட்டாத போல்ட் என்று நாம் சொல்வதில் பாதி, வழி திறக்காத போல்ட். இது ஹெரால்டைப் பார்த்தாலே புரியும். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல் செய்யத் தொடங்கிய கார் இது. பிரிட்டனில் இரண்டு கதவோடு நின்ற ஹெரால்டுக்கு இங்கே நான்கு கதவு வைத்தார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்து தூக்கும்படி அமைத்திருக்கிறார்கள். முன்சீட்டையும் நடுவிலுள்ள டனல் மூடியையும் எடுத்துவிட்டால், பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் கண்ணெதிரே நிற்கும். பின்பக்கம் டிஃபரன்ஷியலின் தலையில் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் நட்டுகளுக்குக்கூட, பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு தகட்டு மூடி உண்டு. செய்தவன் வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அதே 1961-ல் வெளிவந்த ஜாகுவார் ஈ டைப்பில் கிளட்ச் தட்டு மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுத்தாக வேண்டும். அதை வைத்திருப்பவர்கள் அப்படியே எடுக்கிறார்கள், முணுமுணுப்பதில்லை.

நாம் என்ன செய்கிறோம்? சீட்டைக் கழற்றாமல், அடியில் மல்லாந்து படுத்து, மூன்று எக்ஸ்டென்ஷனும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டும் கோத்து, கண்ணுக்குத் தெரியாத தலையில் சாக்கெட்டை மாட்டப் பார்க்கிறோம். எக்ஸ்டென்ஷன் நீள நீளக் கை கொடுக்கும் திருப்பில் ஒரு பங்கு அதன் முறுக்கிலேயே போய்விடும். சாக்கெட் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் போல்ட்டின் முனைகளைத் தின்றுவிடும்.

சாக்கெட் எந்த அளவு என்பது அதைவிட முக்கியம். பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948-ல் ஒப்புக்கொண்ட பொது மரை அளவில் வந்த கார்கள் இவை. எல்லாம் இன்ச் கணக்கு. அம்பாசடர் ஓடிய காலத்தில் எந்தப் பட்டறைப் பெட்டியைத் திறந்தாலும் இன்ச் ஸ்பேனர் இருந்தது. 1983 கடைசியில் மாருதி 800 வந்தபின் மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சியது. இப்போது அரை இன்ச் தலைக்குப் பதிமூன்றாம் நம்பரைப் போடுகிறோம். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். மேலே, கண்ணுக்கு எதிரே இருக்கும் போல்ட்டில் அந்த 0.3 பொருட்டில்லை, பார்த்துப் பார்த்துத் திருப்பிவிடலாம். துருப்பிடித்த தலையில், பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரோடு, கை முழுதாக நுழையாத இடத்தில் அந்த 0.3 தான் தலையை உருட்டுகிறது. பதினாறில் ஒன்பது இன்ச்சுக்கு நிலைமை இன்னும் மோசம்: 14.29. பதினாலு நுழையாது, பதினைந்து ஆடும். முக்கால் இன்ச்சுக்குப் பத்தொன்பது கச்சிதமாக உட்காரும் என்பது மட்டும் நம் அதிர்ஷ்டம். நம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக ஒரு நடை போனால் கோயம்புத்தூர். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் இன்ச் ஸ்பேனர் அகப்படும். ஆறு முனை சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். எட்டாத இடத்துக்கேற்ப வளைப்பதற்கென்று மட்டமான ரிங் ஸ்பேனர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். சூடுகாட்டி வளைத்தால் எந்த ஸ்பேனரும் பதம் இழக்கும்; நல்லதை அடுப்பில் வைக்காதீர்கள்.

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் நமக்கு இரண்டு விதத் துருவும் வந்து சேருகிறது. கொச்சிப் பக்கத்து வண்டியில் உப்புத் துரு, செதில் செதிலாக உதிரும். கோவை, பொள்ளாச்சி வண்டிகளில் காய்ந்த புழுதியும் பழைய கிரீஸும் கல்லாகி நிற்கும். முதலாவதற்குச் சூடு கைகொடுக்கும். பத்து மில்லிமீட்டர் துளையை 300 டிகிரி சூடாக்கினால் அது விரிவது ஏறக்குறைய 0.036 மில்லிமீட்டர்தான். ஆனால் துருவின் பிடி உடைய அது போதும். சூடு தணியும்போது மெழுகுவத்தியை மரையோரம் வைத்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது ரகத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, முதல் நாள் ராத்திரியே எண்ணெய் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் உத்தமம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் மட்டும் தீ காட்டாதீர்கள். குளோரின் கலந்த ரகம் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகிறது. மூடிய ஷெட்டில் அது ஆளைக் கொல்லும்.

இதையெல்லாம் விடக் கோபம் வருவது ஓட்டையைப் பார்க்கும்போது. பெல் ஹவுசிங் போல்ட் எட்டவில்லை என்று தரைத்தகட்டில் வட்டமாக ஒரு துளை. வேலை முடிந்ததும் அதன்மேல் தகரத்தை ஒட்டி, மேட்டைப் போட்டு மூடியிருப்பார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவில் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. புதிய பதிவுக் கட்டணமே 20,000 ரூபாய். வண்டலூரில் செய்த முதல் பத்து வருஷத்து ஹெரால்டுகள் எல்லாம் இன்றைக்கு அந்த வயசைத் தாண்டியவை. அவற்றின் தகட்டில் கட்டர் வைக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று கேட்டால், கூலி பேசும் முறைதான் காரணம். கிளட்ச் வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுகிறோம். சீட்டைக் கழற்றி, டனல் மூடியை எடுத்து, கார்பெட்டைச் சுருட்டி வைக்கும் அரை நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையைத் தாண்டிப் போகத்தான் எவனும் பார்ப்பான். அந்த அரை நாள் மிச்சம் உடைந்த ஸ்டட்டாகத் திரும்பி வந்து, வெல்டிங், டிரில், மரை போடுதல் என்று இரண்டு நாளைத் தின்னும்போது அதற்கும் நம்மால் பில் போட முடிவதில்லை.

எஸ்டிமேட்டில் இனி முதல் வரியாக ‘வழி திறக்கும் கூலி’ என்று தனியாக எழுதுங்கள். அடுத்த வரியாக, கழற்றிய போல்ட்டுகளுக்குப் பதில் புதியவற்றின் விலை. மாட்டும்போது தடவும் செம்பு கிரீஸும் அதிலேயே வரட்டும். எந்த போல்ட்டை அறுத்தோம், எதற்கு மரை புதுப்பித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி வண்டியின் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்து அந்த வண்டிக்கு அடியில் படுப்பவன் யாரோ, அவனுக்கு அது உதவும். “சீட்டைக் கழட்டாம முடியாதாங்க? போன தடவை பார்த்தவரு அப்படியே முடிச்சாரே” என்று வண்டிக்காரர் கேட்பார். மேட்டைத் தூக்கித் தரைத்தகட்டைக் காட்டுங்கள். அப்படியும் முதல் வரியை அடிக்கச் சொல்பவரின் வண்டியை எடுக்காதீர்கள்.