தடுக்கக்கூடிய மரணம்

சிவகாசிப் பிரதேசத்தில் வெடி விபத்து நேரும்போதெல்லாம் பத்திரிகைகள் மாண்டோரை எண்ணுகின்றன; ஸர்க்கார் உதவித் தொகை அறிவிக்கிறது; பிரமுகர்கள் அனுதாபம் தெரிவிக்கிறார்கள். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியிலும், 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் கோர விபத்துக்கள் நேர்ந்தபோது இவ்வாறே நடந்தது. மாண்டோரின் கணக்கை நாம் அறிவோம். பிழைத்தும் எழுந்து நடக்க இயலாது போனவர்களின் கதி என்ன? இக்கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

வெடி விபத்தில் தீப்புண்ணே பெரும்பான்மை என்பது உண்மை. ஆயினும் இடிந்து விழும் சுவரும் கூரையும் முதுகெலும்பை முறிப்பதுண்டு. இத்துடன் விருதுநகர் ஜில்லாவின் மற்றத் தொழில்களையும் சேர்த்துப் பாருங்கள். பனையிலிருந்து விழுந்தவன், கிணறு வெட்டுகையில் சரிந்தவன், கட்டடச் சாரத்திலிருந்து தவறியவன், வேலைக்குச் செல்லும் வழியில் வண்டி கவிழ்ந்து அடிபட்டவள் — இவர்கள் யாவருக்கும் தண்டுவடம் அறுபட்டால் நேர்வது ஒன்றே. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

அசைவு போனதை உலகம் காண்கிறது. உணர்ச்சி போனதைக் காண்பதில்லை. அபாயம் அதிலேதான் இருக்கிறது. தேக சௌக்கியமுள்ள ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் தன்னையறியாமலே அடிக்கடி அசைந்து கொடுக்கிறான். ஏன்? அழுந்திய இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்ததும் நோவு தோன்றி அவனை நகர்த்துகிறது. தண்டுவடம் முறிந்தவனுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. உட்காரும் எலும்பின் கீழும், முதுகின் அடியிலும், குதிகாலிலும் சதை நசுங்கி, இரத்தமின்றிச் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குகிறது. வெளியே ஒரு சிறு சிவப்பு. உள்ளே எலும்பு வரையில் அழிவு. அதில் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. விபத்தில் தப்பியவனைப் படுக்கைப் புண் கொண்டுபோகிறது.

இது விதியன்று என்பதைச் சரித்திரம் நிரூபித்துவிட்டது. முதல் உலக யுத்தத்தில் தண்டுவடம் முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இப்புண்ணாலும் சிறுநீர்க் கோளாறாலும் மாண்டனர். 1944-ம் வருஷம் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுத்விக் குட்மன் பொறுப்பேற்றார். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்று விதித்தார். அபூர்வ மருந்து எதுவுமில்லை. ஒழுங்கும் விழிப்புமே மருந்து. ஐந்து வருஷத்திற்குள் அவருடைய நோயாளிகள் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் பந்தயம் நடத்தினர்.

நம் நாட்டில் மட்டும் இது நடவாததா? வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே சஸ்திர சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்திற்குத் தலைமை வகித்தார். இன்னும் அருகே வருவோம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தென்காசியை அடுத்த அவ்வூருக்கு நம் ஜில்லாவிலிருந்து சில மணி நேரப் பிரயாணமே. அங்கே சாத்தியமானது திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் ஏன் சாத்தியமாகாது?

செய்ய வேண்டியவை எளியவை. நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கொரு தடவையேனும் முன்புறம் குனிந்தோ, பக்கம் சாய்ந்தோ இரண்டு நிமிஷம் பாரத்தை மாற்ற வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி வைத்தோ, வீட்டார் துணையாலோ தோலைப் பரிசோதிக்க வேண்டும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்புப் புண்ணின் முதற்படி. நம் கருத்த மேனியில் அது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகையால் சூடும் கடினமும் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் அவ்விடத்தின் மேல் உட்காரலாகாது. அதைத் தேய்க்கவும் கூடாது. ஸைக்கிள் டியூபைப் போன்ற வளையத்தின் மேல் உட்காருவது நன்மையென்று பலர் எண்ணுகின்றனர். அது சுற்றிலும் இரத்தத்தைத் தடுத்துத் தீமையே செய்யும். கரிசல் காட்டு வெயிலில் வியர்வையும், கசியும் சிறுநீரும் தோலை ஊற வைக்கும்; துணி உலர்ந்திருக்க வேண்டும். பருப்பும் முட்டையும் வயிறார வேண்டும். மெலிந்த உடம்பில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தையேது?

இவற்றைக் குடும்பத்தின் தலையிலே மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமாகாது. விழா மேடையில் சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்வோர், அதற்கேற்ற மெத்தையையும் வழங்கினார்களா என்று கேட்கிறோம். மெத்தையில்லாத நாற்காலி, உணர்ச்சியற்றவனுக்குப் புண்ணை உண்டாக்கும் கருவியே. 2022-ல் விருதுநகரில் ஸர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. தண்டுவடம் முறிந்தவர் எவரும், தாமும் தம் வீட்டாரும் இப்பயிற்சி பெறாமல் அங்கிருந்து வீடு திரும்பலாகாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வாசலில் நின்று மாத்திரை கொடுப்பதோடு, உள்ளே சென்று முதுகையும் பார்ப்பார்களாக.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் பிறந்தது. வேலையில் நேர்ந்த காயத்திற்கான வைத்தியச் செலவு முழுவதையும் வரம்பின்றி முதலாளியே திருப்பித் தர வேண்டுமென்று 2009-ல் அதைத் திருத்தினார்கள். மெத்தை வைத்தியமா, சௌகரியமா என்ற வாதம் எழலாம். வக்கீல் என்ற முறையில் நாம் தயக்கமின்றிச் சொல்வோம்: எதுவில்லாவிடில் சதை அழுகுமோ அது சௌகரியமன்று, வைத்தியமே. செலவு அதிகம் என்பாருக்கும் விடை உண்டு. ஆழ்ந்த புண் ஒன்றை ஆற்ற மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசமும் சஸ்திர சிகிச்சையும் வேண்டியிருக்கும். அதன் முன் ஒரு மெத்தையின் விலை அற்பம்.

இறுதியாகப் பொது ஊழியர்களுக்கு நமது வேண்டுகோள் இது. தீபாவளி தோறும் தேசம் முழுவதும் மகிழ்வது இப்பிரதேசத்து மக்களின் கைத்திறனால். விபத்து நடந்த மறுநாள் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கட்டிலில் கிடப்பவரிடம், இன்று முதுகைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், உங்கள் ஊழியம் அங்கே தொடங்கட்டும்.