முப்பது ஆண்களும் ஒரு பெண்ணும்

பெண்ணின் திருமண வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நிலைக்குழுவுக்குப் போனது. அந்தக் குழுவில் 31 பேர். அவர்களில் பெண், சுஷ்மிதா தேவ் ஒருவர் மட்டும்.

செய்தி வெளிவந்தபோது கொஞ்சநாள் கேலி நடந்தது. இன்னும் சில பெண் உறுப்பினர்களை அழையுங்கள் என்றார்கள். அழைக்கத்தான் வேண்டும். ஆனால் என் கோபம் அந்த அறையின் கதவின் மேல். நிலைக்குழு மூடிய அறையில்தான் கூட வேண்டும் என்பது விதி. யார் வந்து என்ன சாட்சியம் சொன்னார், எந்த உறுப்பினர் என்ன கேட்டார் என்பதெல்லாம் அறிக்கை அவைக்கு வரும்வரை வெளியே தெரியாது.

கேட்க வேண்டியது எவ்வளவு இருந்தது! பத்தாவதோடு நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு வயதை உயர்த்தினால் படிப்பு தொடருமா, மேல்நிலைப் பள்ளிக்கு பஸ் வருமா? தானே துணையைத் தேடிக்கொண்ட 19 வயதுப் பெண்ணைப் பிரித்து இழுத்துப்போகப் பெற்றோருக்கு இன்னொரு ஆயுதமா இது? பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைக் கேட்டன. 2024இல் மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது.

மூடிய அறையில்தான் உறுப்பினர்கள் கட்சியை மறந்து பேசுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. சரி, தங்களுக்குள் விவாதிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளட்டும். சாட்சியம் கேட்கும்போது எதற்கு? பிரிட்டன் நாடாளுமன்றக் குழுக்கள் சாட்சியத்தைப் பெரும்பாலும் பொதுவில் கேட்கின்றன, ஆலோசனையைத் தனியே நடத்துகின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் மரபு என்று பெருமை பேசுகிற நம்மவர்கள் இதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசே கொள்கை வகுத்தது. வெறும் கொள்கை; மீறினால் கேட்பாரில்லை.

இதே மசோதா வேறு பெயரில் நாளை திரும்பி வரலாம். அப்போது குழு தருமபுரிக்கு வரட்டும். ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரிகளோடு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல், பெண்கள் கல்லூரி ஒன்றில் எல்லோரும் பார்க்க உட்காரட்டும். வரைவு தமிழில் முன்கூட்டியே கைக்கு வரட்டும். பதினெட்டிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவளும் வீட்டைவிட்டு வெளியேறி மணந்தவளும் அங்கே பேசட்டும். பெயரை மறைக்க விரும்பினால் அதற்கு வழி செய்யட்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவளுக்கு, அந்த உறுப்பினர்களுக்குக் கொடுப்பதுபோலப் பயணப்படியும் கொடுக்கட்டும்.