கண்ணாடி போட்டும் புத்தகம் மங்கலா? டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு பைஃபோகல் ஏன்?

பைஃபோகல்னாலே தாத்தா, பாட்டி ஞாபகம்தான் வரும். ஆனால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் அது தேவைப்படலாம் என்கிறது பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மேகி வுட்ஹவுஸ் குழு நடத்திய ஆய்வு.

பொதுவாக, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது குழந்தைகளின் கண் லென்ஸ் தானாகவே ஃபோகஸை மாற்றிக்கொள்ளும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சுமார் 75% பேருக்கு இது சரியாக நடப்பதில்லை. தூரப் பார்வைக்குக் கண்ணாடி போட்டாலும் நோட்டில் எழுத்து மங்கல்தான். ‘கவனமே இல்லை’ என டீச்சர் திட்டுவதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

தூரத்துச் சார்ட்டை மட்டும் படிக்கச் சொன்னால் இந்தக் குறை சிக்காது. டைனமிக் ரெட்டினோஸ்கோபி செய்தால், குழந்தை வாய் திறக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பெரியவர்களுக்குப் போல கிட்டப்பார்வைப் பகுதியைக் கீழே வைத்தால், குழந்தை அதற்கு மேலாகவே பார்த்துவிடும். அந்தக் கோடு கண்மணியின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிடணும்!

சில குழந்தைகளுக்கு பைஃபோகல் போட்ட பிறகு கிட்டத்து ஃபோகஸே மேம்பட்டு, சாதாரணக் கண்ணாடிக்குத் திரும்பியிருக்கிறார்கள்.