உபதேசம் மட்டும் போதாது

வேலைக்களத்து மனக்கிலேசத்தைத் தணிப்பதற்கென இணையவழிப் பயிற்சிகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றால் விளையும் பிரயோஜனம் யாதென்ற வினாவைத் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளின் வாயிலில் நின்று கேட்பதே பொருத்தமாகும். பஞ்சுத் துகள் பறக்க, யந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் காதில் விழாத ஆலைக்குள், அறுந்த இழையை இணைத்தபடி ஷிப்டு முழுவதும் நடந்துகொண்டேயிருக்கும் பெண்ணுக்குக் கைப்பேசித் திரையில் மூச்சுப் பயிற்சி கற்பிப்பது தீங்கன்று. ஆயினும், மேலாளரின் ஏச்சுக்கு அஞ்சியே பொழுது கழியும் இடத்தில் அந்த உபதேசம் எத்தனை நாழிகை நிலைக்கும்?

விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டு, மேற்பார்வையாளர் கைதான துயரத்தின் பின், 2022 ஏப்ரலில் நிர்வாகமும், பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கமும் கையொப்பமிட்டு, எச் அண்டு எம் போன்ற சர்வதேச நிறுவனங்களும் உடன்பட்ட ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’, பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பயிற்சியை மேற்பார்வையாளர்களுக்கும் உரியதாக்கியதோடு, தொழிலாளரிடையிலிருந்தே கண்காணிப்பாளர்களை அமர்த்தி, முறையிடுவோரைப் பழிவாங்குவதையும் தடுத்தது.

ஆகவே, இணையப் பயிற்சியை ஏற்பாடு செய்யும் ஆலை நிர்வாகங்கள் அதனை வேலை நேரத்திலேயே, ஊதியம் குறையாமல், எளிய தமிழில் நடத்துவதோடு, முதல் மாணவர்களாக மேற்பார்வையாளர்களை அமர்த்தவும், மனநல ஆலோசனைக்கான அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அனைவர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்கவும் வேண்டும். முறையீட்டுக்குச் செவி கொடுக்காத நிர்வாகம் நடத்தும் எப்பயிற்சியும் வெறும் சம்பிரதாயமே என்பது நமது அபிப்பிராயம்.