மறுபடி தட்டினால் திறந்துவிடுமா?

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் அம்மா போன் செய்தார். மகளின் விடுதி முன்பணத்திலிருந்து மெஸ் கட்டணம் இரண்டு முறை கழிந்திருந்தது. எங்கள் மென்பொருளின் கோடைத் திறந்து பார்த்தேன். இணைப்பு விழுந்தால் ஐந்து முறை முயலச் சொல்லி ஒரு லூப். எழுதிய தம்பியைக் கேட்டால், "கனெக்‌ஷன் அப்பப்ப விழுதுண்ணா, ரீட்ரை போட்டுட்டேன்" என்கிறான். ஓட்டைக் கூரைக்குத் தார்ப்பாய் போட்டுவிட்ட பெருமை முகத்தில்!

நம் துறையில் ரீட்ரை என்பது சுக்குக் கஷாயம். என்ன நோய் என்று எவரும் கேட்பதில்லை.

மெஸ் கட்டணத்துக்கு நடந்தது இதுதான். கட்டளை டேட்டாபேஸுக்குப் போனது, கமிட்டும் ஆனது. "ஆயிற்று" என்ற பதில் திரும்பும் வழியில் இணைப்பு அறுந்தது. பதில் வராததால் வேலையே நடக்கவில்லை என்று முடிவுகட்டி, நம் கோட் மறுபடி கழித்தது. ஒப்புகைச் சீட்டு வரவில்லை என்று மணியார்டரை இன்னொரு தடவை அனுப்புவாரா யாராவது? கமிட் நேரத்தில் அறுந்தால் நடந்ததா இல்லையா என்பது தெரியாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. ஆனால் ஆவணத்தை யார் படிக்கிறார்கள்? லூப்பை மட்டும் நகலெடுத்து ஒட்டிவிடுகிறோம்.

சரி, எல்லாக் கோளாறும் "தற்காலிகம்" என்று யார் சொன்னது? மைஎஸ்க்யூஎல் 1045 என்றால் உள்ளே விட மறுக்கிறது. பெரும்பாலும் பாஸ்வேர்டு தப்பு. ஐந்தாவது தடவை கேட்டால் மனம் இரங்குமா? போஸ்ட்கிரெஸ் 53300 என்றால் இணைப்புகள் நிரம்பிவிட்டன; மாற்றாவிட்டால் அதன் வரம்பு 100தான். படியில் தொங்கும் பேருந்தில் நாம் இன்னும் நாலு பேரை ஏற்றுகிறோம். லைப்ரரி ஐந்து முறை, நம் கோட் ஐந்து முறை, கேட்வே ஐந்து முறை என்றால் ஒரு க்ளிக்குக்கு 125 அடி. 2015 செப்டம்பர் 20 அன்று அமேசானின் டைனமோடிபி விழுந்தபோது, சிறு நெட்வொர்க் தடங்கலைப் பெரும் முடக்கமாக்கியதில் சர்வர்கள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டதற்கும் பங்குண்டு. கோரிக்கைகளை நிறுத்திவைத்த பிறகே கூடுதல் திறன் சேர்க்க முடிந்தது. அவர்களுக்கே அந்தக் கதி. நம் மெஸ் கணக்கு எம்மாத்திரம்!

இதெல்லாம் ஒரே பரம்பரை. சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட். பிழை வந்தால் விழுங்கிவிட்டு லாகில் ஒரு வரி. டாஷ்போர்டு பச்சையாக இருந்தால் மேலாளருக்கு நிம்மதி. ரீட்ரை புண்ணின் மேல் ஒட்டிய பச்சை பிளாஸ்திரி. உள்ளே சீழ் வைப்பது யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கழிவுக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸே தள்ளிவிடும்படி செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. தெரிந்த பிழை எண்களுக்கு மட்டும், ஒரே அடுக்கில், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, சற்று முன்பின்னாகக் கலைத்து முயன்றிருக்கலாம்.

அந்த அம்மாவிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை திருப்பிச் செய்தாலும் யார் கணக்கும் குறையாத வேலை அது ஒன்றுதான். தம்பி, அடுத்த லூப் எழுதுமுன் கேட்டுக்கொள்: இது இரண்டு முறை நடந்தால் யார் பணம் போகும்? பதில் தெரியாவிட்டால், பிழையைக் காட்டிவிட்டுச் சும்மா இரு.