முதலில் கோப்புகள், பிறகு கணினி



2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோன அந்த முற்பகல் உங்களுக்கு நினைவிருக்கும். உபமின் நிலையமொன்றில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் பிறகு சொன்னார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் அந்த நேரம் என் பழைய மடிக்கணினி அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. பெட்டரி எப்போதோ செத்துவிட்டது; வயர் செருகியிருந்தால்தான் ஓடும். கரண்ட் போனதோடு அதுவும் அணைந்தது.

கரண்ட் வந்தபின் போட்டேன். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, திரை கறுத்தது, மறுபடியும் புள்ளிகள். வின்டோஸ் வரவேயில்லை.

அதற்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதற்றம் உங்களுக்குப் புரியும். போர் முடிந்தபின் கண்டிப் பக்கம் வந்து குடியிருக்கும் சில பெண்களுக்குக் கடிதங்கள் தட்டச்சுச் செய்து கொடுப்பவள் நான். கணவரைத் தேடி, மகனைத் தேடி எழுதிய கடிதங்கள். அவர்களின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். என் தம்பியின் படமும் அதற்குள்தான். மூலப் படம் ஒரு விசாரணைக் கோவைக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

மறுநாள் டவுனுக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “ஃபோர்மட் பண்ணி புது வின்டோஸ் போட்டுடலாம், பின்னேரம் வாங்க” என்றார். உள்ளே இருப்பவை? “அது போயிடும் அக்கா.” கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு யோசனையும் எனக்கு இருந்தது. பிறரின் அடையாள அட்டைகள் உள்ள கணினியை முன்பின் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு வருவது சரியா?

பக்கத்து வீட்டில் போர்டிங்கில் இருக்கும் பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “அன்ரி, விழுந்தது வின்டோஸ்தான். உங்கட ஃபைல் எல்லாம் டிஸ்கில அப்பிடியே இருக்கும். முதல்ல அதை எடுப்பம்” என்றாள். வீட்டுக் கதவின் பூட்டு இறுகிவிட்டால் உள்ளே உள்ள சாமான் அழிந்துவிடுமா என்ன! எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் செய்தது இது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்தாள். இப்படி இரண்டு மூன்று தடவை தொடங்கி அணைத்ததும் நீலத் திரையொன்று வந்தது. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், கொமாண்ட் ப்ரொம்ட் என்று போனாள். கறுப்புப் பெட்டிக்குள் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினாள். எழுதுவதற்கு என்று நாம் திறக்கிற அதே நோட்பேட்தான். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே ஓல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் கோப்புறைகள் எல்லாம் தெரிகின்றன. சீ ட்ரைவ் அங்கே டீ என்று வேறு எழுத்தில் இருந்தது. தேடிப் பார்க்க வேண்டும். வலது பக்கம் கிளிக் பண்ணி கொப்பி எடுத்து, செருகியிருந்த பென் ட்ரைவில் பேஸ்ட் பண்ணினாள். திரை உறைந்ததுபோல் நின்றது. எவ்வளவு போயிருக்கிறது என்று அது காட்டாது. நாங்கள் தேநீர் குடித்து முடித்தபோது எல்லாம் வந்திருந்தது.

அதன்பிறகுதான் கணினியைத் திருத்தினாள். ஸ்டார்ட்அப் ரிப்பெயர் பலிக்கவில்லை. அரைகுறையாக நின்ற அப்டேட்டை நீக்கியதும் வின்டோஸ் வந்தது. அதுவும் சரிவராவிட்டால் ரீசெட் பண்ணலாமாம். அப்போது “கீப் மை ஃபைல்ஸ்” என்பதை எடுக்க வேண்டும். மற்றதை அழுத்தினால் எல்லாம் போகும்.

எல்லாக் கணினியும் இப்படி மசியாது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் மிச்சமும் போகும். மழையில் நனைந்தது என்றால் போட்டுப் பார்க்கவே வேண்டாம். புதிய கணினிகள் சிலவற்றில் பிட்லொக்கர் என்ற பூட்டு தானாகவே விழுந்திருக்கும். அதைத் திறக்க 48 இலக்கச் சாவி கேட்கும், இல்லையென்றால் டிஸ்கில் இருப்பதைப் படிக்கவே முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகமெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் விழுந்தன. விமான நிலையங்களே தடுமாறின. ஒரேயொரு வகைக் கோப்பை அழித்தால் போதும் என்று தெரிந்தபிறகும், இந்தச் சாவி கையில் இல்லாத அலுவலகங்கள் திண்டாடின. கணினி நன்றாக ஓடும்போதே மைக்ரோசொஃப்ட் கணக்கில் சாவியைப் பார்த்து, கொப்பியில் எழுதி வையுங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு பென் ட்ரைவ். ஒன்று என் அலுமாரியில், மற்றது கிளிநொச்சியில் அக்காவிடம்.

போன மாதம் கலகெதரையிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்காக எழுதிய கடிதத்தின் பிரதியைத் தொலைத்துவிட்டாராம். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று அவசரமாக இறங்கிப் போனார்.