எட்டு விளக்கும் எரிந்தால் போதாது

செமோரில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன. ஃபைபர் இணையம் வாசல்வரை வந்துவிட்டது. ஆனால் மோடம் முன்கூடத்தில் இருக்கிறது, நீங்கள் படிக்கும் அறையோ பின்பக்கம். நடுவில் இரண்டு மூன்று செங்கல் சுவர்கள். அவற்றைத் தாண்டுவதற்குள் வைஃபை களைத்துவிடுகிறது. உடனே வீட்டில் ஒரு வைஃபை பெருக்கியை வாங்கிச் செருகுவார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான பெருக்கிகளில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு கேபிள் இழுப்பதே மேல் என்பது என் கருத்து.

எந்தக் கேபிள்? கடையில் கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 8 என்று வரிசையாகக் காட்டுவார்கள். எண் பெரிதாக இருந்தால் உங்கள் இணையம் வேகமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் தூரத்துக்கு விநாடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டையும் தாங்கும். கேட் 8 தரவு மையங்களுக்காக உருவானது. 30 மீட்டருக்குள் ஓடும் கேபிள். வீட்டுக்கு வரும் இணையம் 300 மெகாபிட்டாக இருக்கும்போது அதை வாங்குவது, சைக்கிளுக்கு லாரி டயர் தேடுவது போன்றது. என்னைக் கேட்டால், கேட் 6 போதும். ஆனால் அது முழுச் செம்பாக இருக்க வேண்டும்.

ஏமாற்றம் நடப்பது இங்கேதான். மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே மட்டும் செம்புப் பூச்சு. உறையில் ‘சிசிஏ’ என்ற எழுத்துகள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். நாலைந்து தடவை வளைத்தால் முறிந்தும் போகும். கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமரா போன்ற கருவிகளை மாட்டினால் கேபிள் கூடுதலாகச் சூடாகும். கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தினுடையது 2.70. ஆகவே 305 மீட்டர் பெட்டிகள் இரண்டைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும். துண்டாக வாங்குகிறீர்களா? கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது முனைகளை இணைக்கும் வேலை. கேபிளைப் பிரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள். கம்பியின் வண்ண உறை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அது வருவதற்கு முன், 1866இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்குக்கூட, மலாயாவிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வளர்ந்த மரங்களின் கட்டா பெர்ச்சா என்ற பால்தான் உறை. ரப்பருக்கு அது நெருங்கிய உறவு.

ஏன் முறுக்குகிறார்கள்? வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் ஒரு சோடியின் இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகத் தாக்க வேண்டும் என்பதற்காக. வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. எனவே சமமான இரைச்சல் கழிந்துபோகிறது. முறுக்கிய கம்பிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

இதை அறியாதவர் என்ன செய்வார்? சோடி சோடியாக, பார்க்க அழகாக, வரிசையாக அடுக்கிவிடுவார். இரு முனைகளிலும் ஒரே வரிசை என்பதால் சாதாரணச் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் கருவிகள் 3ஆம், 6ஆம் முனைகளை ஒரு சோடியாகப் பயன்படுத்துகின்றன. இவர் அடுக்கியதிலோ அந்த இரண்டும் வெவ்வேறு சோடியின் கம்பிகள். இரைச்சல் கழியாது, வேகம் சரியும், இணைப்பு விட்டுவிட்டு வரும். எட்டு விளக்கும் எரிந்ததென்று எல்லாரும் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சரியான வரிசை, கொக்கி கீழ்ப்பக்கமும் கேபிள் உங்கள் பக்கமும் இருக்க இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

முடித்ததும் கணினியில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1,000 வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடிகள் போதும், 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்.

230 வோல்ட் மின்கம்பி போகும் குழாயில் இதை நுழைக்காதீர்கள். மின்கம்பி வேலை உரிமம் பெற்ற ஒயர்மேனுடையது. செம்புக் கேபிளை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் இழுக்கவும் வேண்டாம். மாலை இடிமழை நமக்குப் பழகிய ஒன்று. அருகில் மின்னல் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கெடுத்துவிடும். அடுத்த வரிசையில் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் இணைப்பு கொடுக்க வேண்டுமென்றால், உலோகம் கலக்காத ஃபைபர் கேபிளைக் கேளுங்கள். அதற்கு இரு முனைகளிலும் ஒரு மாற்றுக் கருவி தேவைப்படும்.